உத்தரவு கொடுக்காத கோழி

கம்பெனி ஃபர்ஸ்ட் எய்ட் ரூமில் புதிதாக வேலைக்குச் சேரும் நர்ஸ் பெண்கள் சிலர் எனக்குப் போன் செய்து, “மேடம், அங்க எந்த மாதிரி கேஸ் வரும்?” என்று கேட்பார்கள். கண்ணில் விழுந்த தூசி, வெல்டிங் பொறி பட்ட கொப்புளம், இரும்பு விழுந்து கறுத்துப்போன கால் நகம், திங்கட்கிழமை காலையில் மட்டும் வரும் வயிற்றுவலி என்று வரிசையாகச் சொல்வேன். கோழியை மட்டும் சொல்லமாட்டேன். போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? இப்போது ரிட்டையர் ஆகி வீட்டில் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதியே விடுகிறேன்.

1. முந்தானையில் வந்த கேஸ்

அந்த காஸ்டிங் கம்பெனி கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், லாரிகள் திரும்பும் கடைசி ரோட்டில் இருந்தது. நான் அங்கே சேர்ந்து பத்து வருஷம் ஆகியிருந்த சமயம். காலை டீ நேரம். கேன்டீனில் பாத்திரம் கழுவும் கன்னியம்மா, கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்த முந்தானையெல்லாம் ரத்தம்.

மாவு கிரைண்டரில் கையை விட்டுவிட்டாள் என்றே நினைத்தேன். “கையக் காட்டு, கையக் காட்டு” என்று கத்திக்கொண்டே பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“எனுக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். இத்தப் பாரு” என்று முந்தானையை விலக்கினாள். உள்ளேயிருந்து ஒரு கறுப்புத் தலை எட்டிப் பார்த்தது.

“கோழியா! அடிப்பாவி, என் உசுரே போயிடுச்சி. இது மனுசங்களுக்கு மருந்து போடற எடம்டி.”

“கோயிக்கு உசுரு இல்லியா? கெயவிங்க எல்லாம் ஒண்ணா சேந்துகினு கொத்திக் கொதறிடுச்சிங்க சிஸ்டர்.”

கிழவிகள் என்று அவள் சொன்னது கேன்டீனுக்குப் பின்னால் இருந்த எட்டு நாட்டுக்கோழிகளை. இரும்பு உருக்குகிற இடத்தில் கோழி எதற்கு என்று கேட்பீர்கள். எங்கள் ஸ்கிராப் யார்டில் பழைய இரும்பு ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடக்கும். அதற்கு அடியில் தேளும் பூரானும் குடித்தனம் நடத்தும். லோடு இறக்கும் ஆட்கள் அடுத்தடுத்துக் கொட்டு வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார்கள். என்ன மருந்து தெளித்தும் போகவில்லை. கடைசியில் யாரோ நான்கு கோழிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். தேள்கடி கேஸ் குறைந்தது, கோழி பெருகியது. மேனேஜ்மென்ட் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிட்டது.

அந்த எட்டில் மூத்தது ஒரு சிவப்புக் கோழி. லேபர் எல்லாம் சேர்ந்து அதற்கு ‘சூப்ரவைசர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தான் ஒன்றையும் கிளறாது. கிளறுகிறவர்களை மட்டும் போய்க் கொத்தும்.

கன்னியம்மாவின் மடியில் இருந்தது முட்டைக்கு வராத வெடக்கோழி. ஊரிலிருந்து கொண்டுவந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. அவள் குடியிருந்த லைன் வீட்டுப் பக்கம் கீரித் தொல்லை என்பதால், பத்திரமாக இருக்கட்டும் என்று கம்பெனியில் விட்டிருந்தாள். பத்திரத்தின் லட்சணம் கண்ணெதிரே தெரிந்தது. பிடரியில் ஒரு இறகு இல்லை. வால் தொடங்கும் இடத்தில் எலுமிச்சம்பழ அளவுக்குத் தோல் உரிந்து சதை தெரிந்தது.

“பேசாம மத்தியானம் கொயம்பு வெச்சிடு” என்றேன் கிண்டலாக.

கன்னியம்மாவின் முகம் சுண்டிவிட்டது. “அப்டி வாய் வெக்காத சிஸ்டர். இது நேந்து உட்ட கோயி.”

பிறகுதான் விவரம் சொன்னாள். அவள் மகளுக்கு எட்டாம் மாதத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. கையளவுக் குழந்தை. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். புள்ள பெட்டியை விட்டு வீட்டுக்கு வரட்டும், கன்னங்கரேலென்று ஒரு கோழி தருகிறேன் என்று, பொதட்டூர்பேட்டைப் பக்கத்தில் தன் பிறந்த ஊர் அம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. ஆடித் திருவிழாவில் கோழியைக் கொடுக்க வேண்டும். அது காயம் இல்லாமல், நொண்டாமல் முழுசாக இருக்க வேண்டும்.

“வேற ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டுப் போயேன்.”

“மஞ்சத்துணி கட்டி இதான்னு சொல்லி உட்டது சிஸ்டர். மாத்தக்கூடாது. இது செத்துப்போச்சின்னா அம்மாவ ஏமாத்துனாப்ல ஆவும். புள்ளைக்கு இன்னும் தலையே நிக்கல.” கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றது.

கம்பெனிக்கு வரும் முன், அந்தப் பெட்டிகளின் முன்னால் நான் திருவள்ளூர் ஆஸ்பத்திரியில் எத்தனையோ ராத்திரி டியூட்டி பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்கு வெளியே நின்று பாட்டிமார் என்னென்ன வேண்டிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். “சரி, வை மேசை மேல” என்றேன்.

ஆடிக்கு ஏழு வாரம் இருந்தது. அதற்குள் ஒரு உயிரைக் காப்பாற்ற வேண்டும், எதற்கு? வெட்டுவதற்கு. இப்படி ஒரு ட்ரீட்மென்ட்டை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

2. சிவப்பு மருந்து

இந்த இடத்தில் என் கெட்டிக்காரத்தனத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காயத்தைச் சலைன் ஊற்றிக் கழுவினேன். சுற்றி ஒட்டிக்கொண்டிருந்த இறகை நறுக்கினேன். மனிதர்களுக்குப் போடும் அந்த அயோடின் மருந்தைத் தாராளமாகத் தடவினேன். கறுப்புக் கோழியின் முதுகில் சிவப்பாக, பளபளவென்று, பார்க்கவே திருப்தியாக இருந்தது. “கொண்டு போய் வுடு. ரெண்டு நாள்ல காஞ்சிடும்” என்று பெரிய டாக்டர் மாதிரி அனுப்பி வைத்தேன்.

அரை மணி நேரம்கூட ஆகவில்லை. கன்னியம்மா மறுபடியும் ஓடி வந்தாள். எலுமிச்சம்பழ அளவுக்கு இருந்த காயம் இப்போது ஆரஞ்சுப்பழ அளவு.

“இன்னா மருந்து சிஸ்டர் போட்ட? இதுவரைக்கும் கொத்திட்டு உட்டுட்டுப் போச்சிங்க. இப்ப எட்டும் உடாம தொரத்தித் தொரத்திக் கொத்துதுங்க!”

அரசு கால்நடை மருத்துவமனையில் இருந்த டாக்டர் ஒருவரின் நம்பரை எப்படியோ பிடித்துப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முதலில் சிரித்தார். அப்புறமும் சிரித்தார்.

“சிவப்பா போட்டீங்க? கோழிங்களுக்குச் சிவப்பு கண்டாலே கொத்தத் தோணும்மா. நீங்க மருந்து போடல. இங்க கொத்துங்கன்னு அடையாளம் போட்டு அனுப்பிச்சிருக்கீங்க.”

அத்தனை வருஷம் ஊசி போட்ட கைக்கு இப்படி ஒரு சர்டிஃபிகேட். வாயை மூடிக்கொண்டு அவர் சொன்னதை எழுதிக்கொண்டேன். ஊதா நிற மருந்து தடவ வேண்டும். காயத்தில் ஈ உட்காரவிடக் கூடாது. காலையும் மாலையும் கழுவித் துடைக்க வேண்டும். கொஞ்சம் தேறியதும் கம்பிவலைக்குள் வைத்து மற்றக் கோழிகளின் கண் முன்னாலேயே இருக்கவிட வேண்டும். “அதுங்க கண்ல படாம ஒளிச்சி வெச்சிங்கன்னா, திரும்பப் போறப்ப யாரோ புதுசா வந்திருக்கான்னு மறுபடியும் ஆரம்பிச்சிடும்” என்றார்.

இதையெல்லாம் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார் ஃபிட்டர் ஏழுமலை. காலில் முள் குத்திவிட்டதென்று வந்தவர், முள்ளை மறந்துவிட்டு, “ஊதா தான வேணும்? எங்கிட்ட மார்க்கிங் ப்ளூ ஒரு டப்பா கீது சிஸ்டர், எடுத்தாரட்டா?” என்றார். இரும்பில் கோடு போடுகிற சாயம் அது.

“அத்த உன் தலையில ஊத்திக்கோ. மொதல்ல காலக் காட்டு” என்றேன். யார் மேலோ உள்ள கோபத்தை அவர் முள்ளில் காட்டினேன் என்பது உண்மைதான்.

3. ராகவன் சார் எழுதிய ரிப்போர்ட்

மருந்து வெளியே போனால் ரெஜிஸ்டரில் ஏற வேண்டும். இது என் ரத்தத்தில் ஊறிய பழக்கம். கோழி என்பதற்காகப் பழக்கத்தை மாற்ற முடியுமா? ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரைத் திறந்து எழுதினேன். பெயர்: கருப்பி. டிபார்ட்மென்ட்: கேன்டீன். காயம்: பிடரி, முதுகு. காரணம்: சீனியர்கள் தாக்கியது.

“நேந்து உட்டதுக்குப் பேர் வெக்காத சிஸ்டர். அப்பறம் மனசு கேக்காது” என்று கன்னியம்மா கோபித்துக்கொண்டாள். “ரெஜிஸ்டர்ல பேர் இல்லாம எழுத முடியாதுடி” என்றேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ராகவன் சார் வந்து நின்றார். எங்கள் சேஃப்டி மேனேஜர். திருவள்ளூரில் கோயில் கைங்கரியம் செய்யும் குடும்பம். ஹெல்மெட்டைக் கழற்றினாலும் நெற்றியில் நாமம் கலையாமல் இருக்கும். அன்று முகம்தான் கலைந்திருந்தது. கேட்டில் ‘விபத்தில்லா நாட்கள்’ என்று ஒரு போர்டு வைத்து, தினமும் தன் கையால் நம்பர் மாற்றுகிற மனிதர் அவர்.

“சிஸ்டர், யாரும்மா இந்தக் கருப்பி? கான்ட்ராக்ட் லேபரா? சீனியர்ஸ் அடிச்சுட்டான்னு எழுதியிருக்கேள். லேடியை அடிச்சிருக்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமோ? ஆள் எங்கே இப்போ?”

நான் பதில் சொல்வதற்குள் மேசைக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டி “கொக்” என்றது.

ராகவன் சார் குனிந்து பார்த்தார். கருப்பியும் தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது. வேலை போயிற்று என்று நான் முடிவுகட்டிவிட்டேன். ஆனால் அவர் திட்டவில்லை. நிமிர்ந்து, “போர்டுல நம்பரை மாத்தணுமா வேண்டாமா?” என்று என்னைக் கேட்டார். கேலியா நிஜமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒன்று மட்டும் தெரியும். ஆக்சிடென்ட் என்று ஒன்று ரெஜிஸ்டரில் ஏறிவிட்டால், ரூட் காஸ் கண்டுபிடிக்காமல் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. ஏன் நடந்தது, அது ஏன், அதற்கும் ஏன் என்று ஐந்து தடவை கேட்டு எழுதினால்தான் தூக்கம் வரும். மத்தியானம் சாப்பாட்டுச் சைரன் ஊதும்போது நோட்டும் கையுமாகக் கேன்டீனுக்குப் பின்னால் போய் நின்றார். மீன் குழம்பு வாசனைக்குக் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கோழிகளை ஆராய்ச்சி செய்தார். சாப்பிட வந்த லேபரெல்லாம் தட்டோடு நின்று வேடிக்கை பார்த்தது.

சாயங்காலம் வந்து வாசித்துக் காட்டினார். மிச்சச் சோறு ஒரே இடத்தில் கொட்டப்படுகிறது. சைரன் ஊதியதும் கோழிகள் வயசு வாரியாக வந்து நிற்கின்றன. சூப்ரவைசர் வாய் வைத்த பிறகுதான் மற்றவை. புதிதாக வந்த கருப்பிக்கு அந்த முறை தெரியவில்லை. பசியில் முதலில் ஓடியிருக்கிறாள். அடிபட்டதும் ஓடின இடம் சுவருக்கும் தண்ணீர் டேங்குக்கும் நடுவில் இருந்த மூலை. அங்கே உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி இல்லை.

“எமர்ஜென்சி எக்ஸிட் இல்லை, அவ்வளவுதான்” என்று நோட்டை மூடினார்.

நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் அவர் சொன்னது அத்தனையும் சரி. மறுநாளிலிருந்து சோறு இரண்டு இடத்தில், தள்ளித் தள்ளி வைக்கப்பட்டது. டேங்க் பக்கத்தில் ஒரு தகரம் சாய்த்து, இரண்டு பக்கமும் வழி விட்டு, ஒதுங்க இடம் செய்தார்கள். ஏழுமலை வெல்ட்மெஷ் கம்பிவலையில் ஒரு கூண்டு அடித்துக் கொடுத்தார். கால் முள்ளுக்கு நான் பேசிய பேச்சை மனதில் வைத்துக்கொள்ளாத நல்ல மனுஷன். அதற்கு மஞ்சளும் கறுப்புமாக வரி அடித்தால்தான் கம்பெனிக்குள் வைக்கலாம் என்று ராகவன் சார் அடம்பிடித்தார். புலிக்கூண்டு மாதிரி ஒன்றில் வெடக்கோழி குடியேறியது.

“நன்னாப் பாத்துக்கோங்கோ. குணமானப்புறம் என்ன பண்றதா உத்தேசம்?” என்று கேட்டார்.

“ஆடில வெட்டறது சார்” என்றாள் கன்னியம்மா, பட்டென்று.

ராகவன் சார் பேனாவை மூடிப் பாக்கெட்டில் சொருகினார். “அஞ்சு ஏன் எழுதியிருக்கேன். இந்த ஆறாவதை முன்னாலேயே சொல்லப்படாதோ?” என்று சொல்லிவிட்டுப் போனார். இனி எட்டிப் பார்க்கமாட்டார் என்று நினைத்தேன். மறுநாள் காலை என் மேசையில் ஒரு டப்பா முளைகட்டின பச்சைப்பயறு இருந்தது. கேட்டதற்கு, “கோழிக்கில்லை. காயத்துக்கு. புரோட்டீன் வேணுமோல்லியோ” என்றார்.

4. துண்டு வரும்வரை

காலை நாஷ்டா பாத்திரம் விழுவதற்கு முன் ஒரு தடவை, மத்தியானம் ஷிஃப்ட் மாறிய பிறகு ஒரு தடவை, கன்னியம்மா கருப்பியைத் தூக்கிக்கொண்டு வருவாள். ஸ்டீல் பேசினில் நிறுத்தி, இரண்டு இறக்கையையும் சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். நான் பிடரியிலிருந்து வால்வரைக்கும் சலைன் ஊற்றிக் கழுவுவேன். பிறகு துண்டால் ஒற்றி எடுத்து ஊதா மருந்து.

முதல் வாரம் என் வெள்ளைக் கோட்டு பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. தண்ணீர் மேலே பட்டதும் உடம்பைப் படபடவென்று உதறும். சலைன், ரத்தம், ஊதா மருந்து எல்லாம் என் முகத்தில். ஊதா மூக்கோடு நான் பிளட் பிரஷர் பார்க்கப் போய், “இன்னா சிஸ்டர், ஹோலியா?” என்று கேட்டவர்கள் பல பேர்.

இரண்டாவது வாரத்தில் அது அடங்கியது. உதறினால் என்ன, உதறாவிட்டால் என்ன, கடைசியில் துண்டு வரப்போகிறது என்று அதற்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் ஊற்றினால் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்காரும். நிறுத்தினால் ஒரு கண்ணை மட்டும் திறந்து, துண்டு எங்கே என்று பார்க்கும். ஒரு தடவை போன் வந்து நான் துண்டு எடுக்க நேரமானது. ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் உதறியது. உதறிவிட்டு என்னை ஒரு முறை முறைத்தது பாருங்கள், ஹெட் நர்ஸ்கூட என்னை அப்படி முறைத்ததில்லை.

காயம் ஆறியது. புதுத் தோலில் ஊசிமுனையாக இறகு முளைத்தது. கூண்டைத் திறந்துவிட்ட அன்று சூப்ரவைசர் வந்து தலையில் ஒரு கொத்து கொத்தியது. கருப்பி தகரத்துக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்து, இரண்டாவது தட்டில் சாப்பிட ஆரம்பித்தது. நானும் கன்னியம்மாவும் ஏழுமலையும் கை தட்டினோம். தூரத்தில் ராகவன் சார், பார்க்காததுபோல், தண்ணீர் டேங்கின் வால்வைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கருப்பி தேறத் தேற எனக்குள் ஒரு வேதனை வளர்ந்தது. மறைக்க என்ன இருக்கிறது, அந்தக் கோழி மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. காலண்டரில் ஆடி வர வர சாப்பாடு பிடிக்கவில்லை. கன்னியம்மாவிடம் சொல்லவும் முடியாது. அவளுக்கு அவள் பேத்திதான் பெரிது. தினமும் வேலை முடிந்து போகும்போது, “இன்னிக்கி தலை தூக்கிச்சி சிஸ்டர்”, “இன்னிக்கி சிரிச்சிச்சி சிஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் போவாள். ஒரு நாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஓடி வந்தவள், கோழியைத்தான் முதலில் தூக்கிப் பார்த்தாள். அப்படி இரண்டையும் ஒரே முடிச்சில் போட்டு வைத்திருந்தாள்.

அவள் கருப்பியோடு ஒரு வார்த்தை பேசமாட்டாள். பேரும் சொல்லமாட்டாள். நான் துண்டால் துடைத்து முடித்த பிறகு, தன் முந்தானையால் இன்னொரு தரம் துடைப்பாள். அவ்வளவுதான்.

5. மூன்று சொம்பு தண்ணீர்

“நீயும் வா சிஸ்டர். நீதான பொயைக்க வெச்ச” என்று கூப்பிட்டுவிட்டாள். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, திருவள்ளூர் போய் பஸ் மாறி, திருத்தணியில் மறுபடியும் மாறி, மடியில் கூடையோடு ஊர் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் கருப்பி கூடை ஓட்டையில் கண்ணை வைத்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. நான்தான் வெளியே பார்க்கவில்லை.

கோயில் வாசலில் மகள் குழந்தையோடு காத்திருந்தாள். குழந்தைக்குத் தலை நன்றாக நின்றிருந்தது. கூழ் ஊற்றி முடிந்து, கோழி கொண்டுவந்தவர்கள் வரிசையில் நின்றார்கள். ஆந்திர எல்லை பக்கம் என்பதால் பூசாரி பாதி தெலுங்கு, பாதி தமிழ். ஆண் பெண் எல்லோரும் அவருக்கு ‘நைனா’தான்.

அந்தக் கோயிலில் ஒரு முறை உண்டு. கோழியைச் சாமி முன்னால் விட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலிர்த்து உதறினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள், வெட்டலாம் என்று அர்த்தம். உதறாத கோழியை வெட்டமாட்டார்கள். முன்னால் போன கோழியெல்லாம் தண்ணீர் பட்ட உடனே படபடவென்று உதறின. எந்தக் கோழிதான் உதறாது?

கன்னியம்மா கருப்பியைக் கீழே விட்டாள். பூசாரி முதல் சொம்பை ஊற்றினார்.

கருப்பி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தது.

எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. பூசாரி இரண்டாவது சொம்பு ஊற்றினார். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கருப்பி ஒரு கண்ணைத் திறந்தது. நேராக என்னைப் பார்த்தது. துண்டைக் கேட்கிறது!

“ஏம்மா, மனசாரத்தான் கொண்ணாந்தியா?” என்றார் பூசாரி.

“மனசாரத்தான் சாமி” என்றாள் கன்னியம்மா. மகள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

மூன்றாவது சொம்பு. சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு கருப்பி அசையாமல் இருந்தது. கூட்டத்தில் முணுமுணுப்பு. எனக்கு இரண்டு விஷயம் தெரியும். இது அம்மன் செயல் அல்ல, என் சலைன் செயல். இன்னும் கொஞ்ச நேரம் யாரும் துடைக்காவிட்டால் அதுவே உதறிவிடும். சொல்லிவிட வேண்டும் என்று ஒரு பக்கம் மனசு அடித்துக்கொண்டது. கன்னியம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. சாமி வேண்டாம் என்றால் குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று அவள் பயப்படுகிறாள், நான் காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. வரவிடவில்லை என்றும் சொல்லலாம்.

அதற்குள் கன்னியம்மா குனிந்து கருப்பியைத் தூக்கி முந்தானையால் துடைத்துவிட்டாள். “அம்மாவுக்கு வேணான்னா நான் இன்னா சாமி பண்றது?” என்று அழுதாள்.

பூசாரி கண்ணை மூடி அம்மனிடம் ஏதோ முணுமுணுத்தார். பிறகு வேப்பிலையால் அவள் தலையில் ஒரு தட்டு தட்டினார். “அழுவாத நைனா. நீ கொண்ணாந்த, அவ வாங்கிக்கினா. ரத்தம் வேணாங்கறா, உசுரோட இருக்கட்டுங்கறா. இனிமே இது அவளுது, நீ கொண்டுபோய் வளத்தா போதும். யாரும் கை வெக்கக்கூடாது.”

“என் வேண்டுதல் தீந்துச்சா சாமி? கொயந்தைக்கு ஒண்ணும் வராதே?”

“தீந்துச்சி, தீந்துச்சி. கொயந்தையக் கொண்டா.” குழந்தையின் நெற்றியில் குங்குமம் வைத்தார். அது வீறிட்டு அழுதது. அத்தனை தெம்பான அழுகையைக் கேட்டு நானும் அழுதுவிட்டேன்.

ஒரு கேஸ் ஹிஸ்டரியை நான் வாய்விட்டுச் சொல்லாமல் மறைத்தது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். கருப்பியை மறுபடியும் கூடையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது கன்னியம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. திங்கட்கிழமை ராகவன் சாரிடம், “சாமி வேணாம்னுடுச்சி சார்” என்று மட்டும் சொன்னேன். அவர் ரெஜிஸ்டரை வாங்கி, கருப்பி என்று இருந்த வரியின் கடைசியில் தன் கையாலேயே எழுதினார்: ஃபிட் ஃபார் டியூட்டி.

6. அடுத்த கேஸ்

அடுத்த வருஷம். சூப்ரவைசர் வயசாகிப் போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த இடத்துக்கு யார் வந்தார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? அம்மன் கோழி என்பதால் யாரும் அதட்டக்கூட முடியாது. சைரன் ஊதியதும் கருப்பி வாய் வைத்த பிறகுதான் மற்றவை.

ஒரு நாள் கன்னியம்மா மறுபடியும் முந்தானையை இறுக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே ஒரு சாம்பல் நிற வெடக்கோழி, பிடரி கிழிந்து.

“யாரு வேலை?” என்றேன்.

“வேற யாரு? உன் பேஷண்டுதான்.”

சிவப்பு மருந்துப் பக்கம் நான் திரும்பவே இல்லை. கன்னியம்மா பேசினில் வைத்துப் பிடித்துக்கொண்டாள். நான் சலைன் ஊற்றினேன். புதுசு உதறியது பாருங்கள், என் கண்ணாடி, அவள் முகம், சுவரில் இருந்த சேஃப்டி போஸ்டர் எல்லாம் நனைந்துவிட்டது. நான் சிரித்துக்கொண்டே, “இத்தக் கோயிலுக்குக் கொண்டு போனா மொத சொம்புலயே உத்தரவு குடுத்துடும்” என்றேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒரு வருஷம் கட்டிக்காத்த ரகசியம் ஒரு நிமிஷத்தில் போயிற்று.

கன்னியம்மா தலையை நிமிர்த்தவில்லை. “நீ இன்னா நெனச்சினு கீற சிஸ்டர்? தெனைக்கும் நீ ஊத்துன, புடிச்சினு இருந்தவ நானு. துண்டு வர்ற வரைக்கும் அது அசையாதுன்னு எனுக்குத் தெரியாதா?”

கோழி உதறுவதற்குள் அவசரமாகக் குனிந்து முந்தானையால் துடைத்தாளே, அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. “அப்ப அம்மாவ ஏமாத்திட்டியாடி?” என்றேன்.

“ஏன் ஏமாத்தறேன்? சொன்ன கோயிய சொன்ன நாள்ல கொண்ணாந்து அவ முன்னாலதான உட்டேன். கையக்கூட எடுத்துட்டேன். மூணு சொம்பு ஊத்தற வரைக்கும் நின்னேன். வேணும்னா அவ எடுத்துக்கினு இருக்கலாம். அவளும் பாத்துகினுதான இருந்தா? அன்னிக்கி எனுக்கு இருந்த பயம் எனுக்குத்தான் தெரியும். ஆனா பேர் வெச்ச கோயிய எப்டி சிஸ்டர்...” என்று புதுக்கோழியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கழுவினது நான், மருந்து போட்டது நான், காப்பாற்றினது நான் என்று ஒரு வருஷம் உள்ளுக்குள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். புதிதாக வரும் நர்ஸ் பெண்களுக்குப் போனில் சொல்லாத இரண்டு விஷயத்தை இங்கே சொல்கிறேன். கோழிக்குச் சிவப்பு மருந்து போடாதீர்கள். எந்தப் பேஷண்டானாலும், பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்கிறவரை முதலில் விசாரியுங்கள். உங்கள் ரெஜிஸ்டரில் இல்லாதது அவரிடம் இருக்கும்.

“வாயத் தொறந்துகினு இன்னா பாக்கற?” என்றாள் கன்னியம்மா. “துண்டக் குடு. இது வெடவெடன்னு நடுங்குது பாரு.”

கொடுத்தேன்.